கால்வழியும் வான்வழியும்

தமிழகத்தின் வடபகுதியில், கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஓர் உறுப்பாக விளங்குவது ஜவ்வாது மலை. திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் ஆகிய மூன்று மாவட்டங்களிலும் அது பரந்து கிடக்கின்றது. சேயாறு இம்மலையில் தோன்றிச் சமவெளியில் இறங்கிப் பாலாற்றோடு கலக்கின்றது. சாமையும் பலாவும் புளியும் தேனும் இம்மலை தரும் வளங்கள். ‘மலையாளி’ என்னும் பெயர் பூண்ட பழங்குடி மக்கள் இங்குச் சிற்றூர்கள் பல அமைத்து வாழ்கின்றனர். அப்பெயர் மலையை இடமாகக் கொண்டு வாழ்பவரைச் சுட்டுவதேயன்றிக் கேரள நாட்டினரைச் சுட்டுவதன்று.

இம்மலையூர் ஒன்றின் முகட்டில் நின்று எதிரே நோக்கும் சிறுவனுக்குப் பள்ளத்தாக்கின் அப்பால் மற்றோர் ஊர் தெளிவாகத் தோன்றும். வீடுகளினின்று அடுப்புப் புகை எழுவதையும், சரிவில் ஆடுகள் மேய்வதையும் அவன் காணலாம். ஆயினும் அவ்வூரிலுள்ள மாமன் வீட்டிற்குச் செல்ல வேண்டுமாயின், விடியலில் புறப்படுபவன் உச்சிப்பொழுதில்தான் சென்று சேர்வான். சரிவில் இறங்கி, ஓடையைக் கடந்து, புதரை விலக்கி, மீண்டும் எதிர்ச்சரிவில் ஏறி அவன் செல்ல வேண்டும். கண்ணுக்கு அண்மையில் இருப்பது காலுக்குச் சேய்மையில் இருக்கின்றது. அவன் தலைக்கு மேலே பறந்து செல்லும் கழுகோ சில நிமிடங்களில் அவ்வூரை எட்டிவிடுகின்றது.

ஆகவே, ஈரிடங்களுக்கு இடையே உள்ள தொலைவு இருவகைப்படும். நிலத்தின் மேடுபள்ளங்களுக்கு ஏற்ப வளைந்து செல்லும் வழியின் நீளம் ஒன்று. தடையின்றி நேரே பறந்து சென்றால் அமையும் நீளம் மற்றொன்று. முன்னதைக் கால்வழித் தொலைவு என்றும், பின்னதை வான்வழித் தொலைவு என்றும் கூறலாம். இவ்விரண்டின் வேறுபாட்டை உணர்ந்தவர்க்கு, சென்னையினின்று இலண்டன் மாநகருக்குப் பறக்கும் வானூர்தியின் வழியும் அதற்காகும் காலமும் எளிதில் விளங்கும்.

தொலைவை அளக்கப் பண்டைத் தமிழர் பல அளவைகளைக் கையாண்டனர். ஒருவர் உரக்க அழைத்தால் மற்றவர் செவியில் படும் அளவு கூப்பிடுதூரம் எனப்பட்டது. நெடுவழியைக் காதம் என்னும் அளவால் கணக்கிட்டனர். இவற்றினும் நுட்பமான பொருள் பொதிந்தது ‘நாழிகை வழி’ என்னும் அளவை. ஒரு நாழிகையாவது இருபத்து நான்கு நிமிடம். அக்கால அளவில் ஒருவர் நடந்து கடக்கும் வழியே ஒரு நாழிகை வழியாகும். இங்கே நீளம் காலத்தால் அளக்கப்படுகின்றது. நடப்பவனுக்கு வேண்டுவது வழி எத்தனை முழம் என்பதன்று. பொழுது சாயுமுன் ஊர் சேரலாமா என்பதே. அதனை உணர்ந்தே முன்னோர் இவ்வளவையை அமைத்தனர்.

மலைவழியின் இயல்பைச் சங்கப் புலவரும் நன்கு அறிந்திருந்தனர். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம் இப்பகுதியோடு தொடர்புடைய நூல். செங்கண்மா என்னும் ஊரை ஆண்ட நன்னன் சேய் நன்னனைப் பெருங்கௌசிகனார் அதன்கண் பாடியுள்ளார். அச்செங்கண்மாவே ஜவ்வாது மலையின் தெற்கே இன்று செங்கம் என வழங்கும் ஊராகும். பரிசில் பெற்று மீளும் கூத்தன் ஒருவன், எதிர்ப்பட்ட கூத்தருக்கு வழி கூறுவதாக அமைந்தமையால், அந்நூலுக்குக் கூத்தராற்றுப்படை என்னும் பெயரும் உண்டு. எவ்விடத்தில் வழுக்கும், எவ்விடத்தில் பாம்பு உறையும், இரவை எங்கே கழிக்கலாம், எவ்வூரில் உணவு கிடைக்கும் என்பனவெல்லாம் அதில் முறையாகக் கூறப்படுகின்றன. வழி என்பது நீளம் மட்டுமன்று, அதன் தடைகளும் துணைகளும் சேர்ந்ததே என்பதை அந்நூல் தெளிவாகக் காட்டுகின்றது.

வானூர்தி தோன்றுவதற்கு ஒரு நூற்றாண்டு முன்னரே வான்வழித் தொலைவை அளக்கும் முறை தமிழகத்தில் கையாளப்பட்டது. 1802ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள், வில்லியம் லாம்டன் என்னும் ஆங்கிலேயர் சென்னைப் பரங்கிமலையை அடுத்த சமவெளியில் ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு நேர்க்கோட்டைச் சங்கிலி கொண்டு அளக்கத் தொடங்கினார். அக்கோட்டின் இரு முனைகளினின்றும் தொலைவிலுள்ள ஓர் உச்சியைக் கருவியால் நோக்கிக் கோணங்களைக் குறித்தார். ஒரு முக்கோணத்தின் ஒரு பக்கமும் அதன் இரு கோணங்களும் தெரிந்தால், ஏனைய பக்கங்களைக் கணக்கினாலேயே அறியலாம் அன்றோ? அவ்வாறு அறிந்த பக்கத்தை அடியாகக் கொண்டு அடுத்த முக்கோணத்தையும், அதனை அடியாகக் கொண்டு மற்றொன்றையும் அமைத்தார். இவ்வாறு குன்று விட்டுக் குன்று தாவி, கீழைக் கடற்கரையினின்று மேலைக் கடற்கரை வரை தொலைவு கணிக்கப்பட்டது. அதன் பயனாகச் சென்னைக்கும் மங்களூருக்கும் இடையே நிலத்தின் அகலம் 400 மைல் என எண்ணியிருந்தது தவறு என்பதும், அது 360 மைல் அளவினதே என்பதும் புலனாயின. முன்னைய கணக்கில் மிகுந்து தோன்றிய நாற்பது மைல், கண்ணால் நோக்கி அளந்தபோது மறைந்தது.

இவ்வான்வழியில் பறப்பதே வானூர்தியின் தொழில். மலையும் காடும் கடலும் அதற்குத் தடையாகா. சென்னையினின்று பெங்களூருக்குச் சாலைவழி ஏறத்தாழ 350 கிலோமீட்டர். இரு நகரங்களின் வானூர்தி நிலையங்களுக்கும் இடையே நேர்த்தொலைவு 270 கிலோமீட்டர் அளவேயாகும். சென்னையினின்று சிங்கப்பூர் ஏறத்தாழ 2,920 கிலோமீட்டர். இலண்டன் ஏறத்தாழ 8,230 கிலோமீட்டர்.

நெடுந்தொலைவு செல்லுங்கால் ‘நேர்வழி’ என்னும் சொல்லின் பொருளைச் சிறிது ஆராய்தல் வேண்டும். உலகம் உருண்டை வடிவினது. உருண்டையின் மேல் நேர்க்கோடு இல்லை. பள்ளியிலுள்ள பூகோள உருண்டையை எடுத்து, சென்னையில் ஒரு நூலின் நுனியை வைத்து, மறுநுனியை இலண்டனில் வைத்து இறுக இழுத்தால், நூல் எவ்வழியே படிகின்றதோ அதுவே மிகக் குறுகிய வழியாகும். அக்கோட்டை இருபுறமும் நீட்டினால் அஃது உலகை இரு சம பாதிகளாகப் பிளக்கும் ஒரு பெரிய வட்டமாக முடியும். ஆதலின் இதனைப் பெருவட்ட வழி என்பர்.

இவ்வழி தட்டையான படத்தில் காணும் வழியினின்று வேறுபடும். சுவரில் மாட்டிய உலகப் படத்தில் சென்னையையும் இலண்டனையும் அளவுகோலால் இணைத்தால், அக்கோட்டின் நடுப்புள்ளி ஈராக்கு நாட்டின் மேலைப் பாலைநிலத்தருகே விழும். உருண்டையின் மேல் இழுத்த நூலின் நடுப்புள்ளியோ அதற்கு வடகிழக்கே, காஸ்பியன் கடலின் மேல் படியும். படத்தில் வளைந்து நெடிதாகத் தோன்றும் வழியே உண்மையில் குறுகியது. தட்டைப் படத்தின் கோட்டைப் பின்பற்றிச் செல்பவர் ஏறத்தாழ 250 கிலோமீட்டர் மிகுதியாகச் செல்ல நேரிடும்.

உலகின் சுற்றளவு ஏறத்தாழ 40,000 கிலோமீட்டர். அதனை ஒரு வட்டத்தின் 360 பாகைகளால் வகுத்தால், ஒரு பாகைக்கு ஏறத்தாழ 111 கிலோமீட்டர் ஆகும். சென்னைக்கும் இலண்டனுக்கும் இடையே உள்ள பெருவட்ட வில் 74 பாகைக்குச் சிறிது மிகும். அதனை 111ஆல் பெருக்கினால், மேற்கூறிய 8,230 கிலோமீட்டர் அளவு கிடைக்கும். அட்சரேகை, தீர்க்கரேகை ஆகிய இரண்டையும் அறிந்தால் எவ்விரு நகரங்களுக்கும் இடையே இப்பாகையைக் கணிக்கலாம். ஆயினும் ஒன்றை நினைவிற் கொள்ளல் வேண்டும். தீர்க்கரேகைகள் துருவங்களில் ஒன்று கூடுவன. ஆகவே அவற்றின் இடைவெளி எங்கும் ஒரே அளவினதன்று. ஜவ்வாது மலையின் அட்சரேகையில் ஒரு பாகைத் தீர்க்க இடைவெளி ஏறத்தாழ 109 கிலோமீட்டராக இருக்க, இலண்டன் நகரின் அட்சரேகையில் அது 69 கிலோமீட்டராகச் சுருங்கிவிடுகின்றது.

தொலைவை அறிந்த பின்னர்க் காலத்தை அறிதல் எளிது போலத் தோன்றும். பெரிய வானூர்தி தரையினின்று ஏறத்தாழ 10 கிலோமீட்டர் உயரத்தில், மணிக்கு 900 கிலோமீட்டர் அளவான விரைவில் செல்லும். 8,230 கிலோமீட்டரை 900ஆல் வகுத்தால், ஒன்பது மணி நேரத்திற்குச் சிறிது மிகும். ஆயினும் சென்னையினின்று இலண்டன் செல்லும் வானூர்திக்குப் பத்தரை முதல் பதினொரு மணி நேரம் வரை ஆகின்றது. மீண்டு வருவதற்கோ அதனினும் குறைந்த நேரமே ஆகின்றது. போகும் வழிக்கும் வரும் வழிக்கும் நீளம் ஒன்றே ஆயினும் காலம் வேறுபடுவது ஏன்?

உலகம் மேற்கினின்று கிழக்கு நோக்கிச் சுழல்வதே இதற்குக் காரணம் எனச் சிலர் கருதுவர். வானில் எழுந்த ஊர்தியின் கீழே உலகம் நழுவிச் செல்லும் என்பது அவர் எண்ணம். அது பொருந்தாது. சென்னையிருக்கும் நிலப்பகுதி சுழற்சியினால் மணிக்கு 1,600 கிலோமீட்டர்க்கு மேற்பட்ட விரைவில் கிழக்கு நோக்கிச் செல்கின்றது. அவர் கூற்று உண்மையாயின், ஜவ்வாது மலையின் மேல் ஒரு நாழிகைப் பொழுது வட்டமிடும் கழுகு கீழே இறங்கும்போது, மலை அறுநூறு கிலோமீட்டருக்கு அப்பால் சென்றிருக்க வேண்டும். அவ்வாறு நிகழக் காண்பதில்லை. நிலத்தோடு காற்றும், காற்றிலுள்ள கழுகும், வானூர்தியும் உடன் சுழல்கின்றன.

உண்மைக் காரணம் காற்றேயாகும். வானூர்திகள் செல்லும் உயரத்தில், நில நடுக்கோட்டிற்கு வடக்கே தொலைவிலுள்ள நாடுகளின் மேல், மேற்கினின்று கிழக்கு நோக்கிப் பெருங்காற்று ஓடிக்கொண்டிருக்கும். அதன் விரைவு சில வேளைகளில் மணிக்கு 100 கிலோமீட்டர்க்கும், சில வேளைகளில் 200 கிலோமீட்டர்க்கும் மேற்படும். ஆற்றில் நீரோட்டத்தோடு செல்லும் தோணி விரைவதும், எதிர்த்துச் செல்லும் தோணி தளர்வதும் போலவே, இக்காற்றோட்டத்தில் வானூர்தியும் நடத்தப்படுகின்றது.

இதனை ஓர் எளிய கணக்கால் தெளியலாம். இரு நகரங்களுக்கிடையே 8,000 கிலோமீட்டர் எனக் கொள்க. வானூர்தியின் விரைவு மணிக்கு 900 கிலோமீட்டர். எதிர்க்காற்றின் விரைவு 100 கிலோமீட்டர். அப்பொழுது நிலத்தின்மேல் ஊர்தி கடப்பது மணிக்கு 800 கிலோமீட்டரே. பயணத்திற்கு 10 மணி நேரமாகும். மீளும்போது அக்காற்றே துணையாகி, விரைவு 1,000 கிலோமீட்டராக உயரும். 8 மணி நேரத்தில் பயணம் முடியும். போக்குவரவிற்கு ஆகும் மொத்த நேரம் 18 மணி. காற்றே இல்லையாயின் மொத்தம் 17 மணி 47 நிமிடமே ஆகும். போகும்போது இழந்த காலம் முழுவதையும் வரும்போது மீட்க முடிவதில்லை என்பது இக்கணக்கினால் விளங்கும். எதிர்க்காற்றில் நெடுநேரமும் துணைக்காற்றில் குறைந்த நேரமும் இருக்க நேர்வதே இதன் காரணம்.

காற்றேயன்றி வேறு காரணங்களும் உள. தரையினின்று மேலே ஏறுங்காலும், கீழே இறங்குங்காலும் ஊர்தியின் விரைவு குறையும். அதனாலேயே 270 கிலோமீட்டர் தொலைவான பெங்களூருக்கும் ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகின்றது. புயலும் இடிமேகமும் எதிர்ப்பட்டால் விலகிச் செல்ல வேண்டும். போர் நிகழும் நாடுகளின் மேல் பறத்தல் கூடாது. 2022ஆம் ஆண்டு ரஷ்யா தன் வான்வெளியை ஐரோப்பிய நாடுகள் பலவற்றின் விமானங்களுக்கு மூடியது. அப்பொழுது பின்லாந்தின் தலைநகரான ஹெல்சிங்கியினின்று ஜப்பானின் தலைநகரான டோக்கியோவிற்கு ஏறத்தாழ ஒன்பது மணி நேரத்தில் சென்ற விமானம், சுற்றிச் செல்ல நேர்ந்தமையால் பதின்மூன்று மணி நேரம் எடுத்துக்கொண்டது. நகரங்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. மக்களின் பகைமை அவற்றிடையே நான்கு மணி நேரத் தொலைவைக் கூட்டியது. மலைபடுகடாம் வழியின் தடைகளை எண்ணிக் கூறியது போலவே, வானவழிக்கும் தடைகளை எண்ண வேண்டியிருத்தல் காண்க.

பயண நேரத்தைக் கடிகாரத்தைக் கொண்டு கணிப்பவர் மற்றொரு பிழையும் செய்தல் கூடும். இந்திய நேரம் கிரீனிச் நேரத்தினும் ஐந்தரை மணி முற்பட்டது. குளிர்காலத்தில் ஒருநாள் காலை 5.30 மணிக்குச் சென்னையை விட்டுப் புறப்படும் வானூர்தி பதினொரு மணி நேரம் பறந்து இலண்டனை அடைந்தால், அந்நகரக் கடிகாரம் முற்பகல் 11 மணியைக் காட்டும். பயணம் ஐந்தரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது போலத் தோன்றும். அவ்வாறே இலண்டனில் பிற்பகல் 1 மணிக்குப் புறப்பட்டுப் பத்து மணி நேரத்தில் வந்து சேரும் வானூர்தி, மறுநாள் விடியற்காலை 4.30 மணிக்குச் சென்னையில் இறங்கும். பயணம் பதினைந்தரை மணி நேரம் நீண்டது போலத் தோன்றும். கோடையில் இலண்டன் மக்கள் தம் கடிகாரத்தை ஒரு மணி முன்னோக்கித் திருப்பிக்கொள்வர். அப்பொழுது வேறுபாடு நாலரை மணியாகும். புறப்படும் நேரத்தையும் சேரும் நேரத்தையும் ஓர் ஊரின் கடிகாரத்திற்கே மாற்றிக்கொண்டு கழித்தால்தான் உண்மைப் பயண நேரம் கிடைக்கும்.

இவ்வாறு பறக்கும் வாய்ப்பு மனிதனுக்குக் கிடைத்துப் பல்லாண்டுகள் ஆகிவிடவில்லை. 1869ஆம் ஆண்டு சூயஸ் கால்வாய் திறக்கப்படுமுன், இந்தியாவினின்று இங்கிலாந்து செல்லும் கப்பல் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிச் செல்ல வேண்டியிருந்தது. அப்பயணம் பல மாதங்கள் நீடித்தது. 1932ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள் ஜே. ஆர். டி. டாட்டா சிறு விமானம் ஒன்றைத் தாமே ஓட்டி, கராச்சியினின்று அகமதாபாது வழியாகப் பம்பாய்க்கு அஞ்சல் மூட்டைகளைக் கொண்டுவந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் என்பார் அவ்வஞ்சலை ஏற்றிக்கொண்டு பெல்லாரி வழியாகச் சென்னைக்குப் பறந்தார். 1948ஆம் ஆண்டு ஜூன் 8ஆம் நாள் ஏர் இந்தியாவின் ‘மலபார் இளவரசி’ என்னும் விமானம் பம்பாயினின்று புறப்பட்டு, கெய்ரோ, ஜெனீவா ஆகிய நகரங்களில் தங்கி, 10ஆம் நாள் இலண்டனை அடைந்தது. பின்னர் வந்த விமானங்கள் இடையில் தங்காமலே அத்தொலைவைக் கடக்கும் ஆற்றல் பெற்றன. உலகின் சுற்றளவு ஒரு முழமும் குறையவில்லை. வழியைக் கடக்கும் காலமே குறைந்தது. ‘உலகம் சுருங்கிவிட்டது’ என்று மக்கள் கூறுவதன் பொருள் இதுவேயாகும்.

தொலைவைக் காலத்தால் அளக்கும் இக்கருத்தின் எல்லையைக் காண மீண்டும் ஜவ்வாது மலைக்கே செல்லல் வேண்டும். அம்மலையில், கடல் மட்டத்தினின்று 725 மீட்டர் உயரத்தில், காவலூர் என்னும் சிற்றூர் உள்ளது. நகர விளக்கொளி புகாத அவ்விடத்தை வானியல் அறிஞர் வைணு பாப்பு தேர்ந்தெடுத்தார். 1968ஆம் ஆண்டு சிறிய தொலைநோக்கி ஒன்று அங்கு நிறுவப்பெற்றது. 1972ஆம் ஆண்டு ஒரு மீட்டர் விட்டமுடைய கண்ணாடி கொண்ட தொலைநோக்கி அமைந்தது. 2.3 மீட்டர் விட்டமுடைய பெரிய தொலைநோக்கி 1986ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அத்தொலைநோக்கியும் அவ்வானாய்வகமும் வைணு பாப்புவின் பெயரைத் தாங்கி நிற்கின்றன.

வானியலார் விண்மீன்களின் தொலைவைக் கிலோமீட்டரால் கூறுவதில்லை. ஒளி ஓராண்டில் செல்லும் தொலைவையே அவர் ஓர் ஒளியாண்டு எனக் கொள்வர். முன்னோரின் நாழிகை வழி போன்றதே இதுவும். அங்கே நடப்பவன் மனிதன். இங்கே நடப்பது ஒளி. அதன் விரைவு நொடிக்கு ஏறத்தாழ மூன்று இலட்சம் கிலோமீட்டர். சூரியனின் ஒளி இவ்வுலகை அடைய எட்டு நிமிடத்திற்குச் சிறிது மிகும். மணிக்கு 900 கிலோமீட்டர் செல்லும் வானூர்தி இடையறாது பறக்க முடிந்தாலும் அத்தொலைவைக் கடக்கப் பத்தொன்பது ஆண்டுகள் ஆகும். சூரியனை அடுத்து மிக அண்மையிலுள்ள விண்மீனின் ஒளி வந்து சேர நான்கு ஆண்டுக்கு மேலாகின்றது. அதனை அடைய வானூர்திக்கு ஏறத்தாழ ஐம்பது இலட்சம் ஆண்டுகள் வேண்டும்.

வானூர்தியும் இக்காவலூரும் ஒரே வேலையில் ஈடுபட்ட இரவும் ஒன்று உண்டு. 1977ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 10ஆம் நாள், யுரேனஸ் என்னும் கோள் ஒரு விண்மீனை மறைத்துச் செல்லும் நிகழ்ச்சி நேர்ந்தது. அதனைக் காண அமெரிக்க அறிஞர் சிலர் தொலைநோக்கி பொருத்திய வானூர்தியில் இந்தியப் பெருங்கடலின் மேல் பறந்துகொண்டிருந்தனர். காவலூரிலிருந்த அறிஞரும் ஒரு மீட்டர்த் தொலைநோக்கியை அதன்பால் திருப்பியிருந்தனர். கோள் விண்மீனை மறைப்பதற்கு முன்னரே அதன் ஒளி மங்கி மீண்டும் தெளிந்தது. பறந்தவர் அதனைக் கண்டனர். மலைமேல் நின்றவரும் அத்தகைய மங்கலைப் பதிவு செய்தனர். யுரேனஸைச் சுற்றி வளையங்கள் உள்ளன என்னும் உண்மை அந்நிகழ்ச்சியால் வெளிப்பட்டது. ஏறத்தாழ இரண்டரை மணி நேர ஒளித்தொலைவிலுள்ள கோளின் செய்தி இம்மலையுச்சியில் வாசிக்கப்பட்டது.

அத்தகைய காவலூரைக் கொண்ட இதே மலையில், சாலை எட்டாத சிற்றூர்களும் இருந்து வந்துள்ளன. அவ்வூர்களில் ஒருவருக்கு நோய் முற்றினாலும், பாம்பு தீண்டினாலும், ஒரு பெண்ணுக்குப் பேறுகால வலி கண்டாலும், ஊரார் மூங்கிற் கழியில் துணியைக் கட்டி டோலி அமைத்து, அவரை அதில் கிடத்தித் தோளில் சுமந்து இறங்குவர். இந்நூற்றாண்டிலும் இந்நிலை முற்றும் நீங்கியதில்லை. ஆறு கிலோமீட்டர்க் காட்டுவழியை மணிக்கு இரண்டு கிலோமீட்டர் விரைவில் அவர்கள் கடப்பதாகக் கொண்டால், சாலையை அடைய மூன்று மணி நேரமாகும். அதே மூன்று மணி நேரத்தில் சென்னையினின்று எழுந்த வானூர்தி சிங்கப்பூரை நெருங்கிவிடும்.

ஆகவே எது அண்மை, எது சேய்மை என்பதை நாட்டுப் படத்தின் அளவுகோல் மட்டும் கூறிவிடாது. காலத்தால் அளந்து நோக்கினால், சென்னை வானூர்தி நிலையத்தில் இருப்பவருக்குச் சிங்கப்பூர் மருத்துவமனை எத்தனை நாழிகை வழியோ, மலைச் சிற்றூரில் வலியால் துடிப்பவருக்கு அடிவாரத்து மருத்துவமனையும் அத்தனை நாழிகை வழியாக இருக்கின்றது. முன்னவருக்கு அண்மையைத் தந்தது அறிவியல். பின்னவருக்கு அதனைத் தர வல்லது ஒரு சாலையும், ஓடையின் குறுக்கே ஒரு சிறு பாலமும், ஊருக்குள் ஒரு செவிலியும் ஆகும். ஜவ்வாது மலையின் ஊர்களுக்குச் சாலைகள் ஒவ்வொன்றாக அமையுந்தோறும், அம்மலை மக்கள் உலகின் ஏனைய மக்களுக்குச் சில நாழிகை வழி அண்மையில் வருகின்றனர்.

முகட்டில் நின்று எதிரூரை நோக்கிய சிறுவன் நாளை வானூர்தியின் வழியைக் கணிப்பவனாகலாம். காவலூரில் விண்மீனின் தொலைவை அளப்பவனாகலாம். தன் ஊருக்குச் சாலை அமைக்கும் பொறியியலாளனாகலாம். அம்மூவரின் தொழிலும் அடிப்படையில் ஒன்றே. வழியை அறிந்து, தடையை எண்ணி, காலத்தைக் குறைத்து, மக்களை மக்களுக்கு அண்மையராக்குவதே அத்தொழில். பரிசில் பெற்று மீண்ட கூத்தன், தான் அறிந்த வழியைத் தன்னகத்தே வைத்துக்கொள்ளாமல், பின்வருவோர்க்கு எடுத்துரைத்த பண்பும் அதுவே.